மூன்று மில்லிமீட்டர் தடிப்பு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

குழந்தை நலம் பற்றி ஆண்டுக்கு ஒரு முறையாவது, மருத்துவர் அல்லாதவர்களும் உட்கார்ந்து கேட்கும்படி தமிழில் ஒரு பேச்சு நடக்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களின் விருப்பம். முன்வரிசையில் இருக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார்களுக்கும் ஒருசேரப் பேச முயல்கிறேன்.

“குழந்தைக்குப் பாலை நிறுத்திவிடுங்கள்” என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டின் அடுப்படியே மாறிவிடுகிறது. காலையில் காய்ச்சும் பால், மதியம் குழையப் பிசைந்து ஊட்டும் தயிர்சாதம், மாலையில் கையில் கொடுக்கும் பிஸ்கட், பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக், கோயிலில் கிடைக்கும் பாயசம் எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. தாய்ப்பால் கொடுப்பவள் என்றால் அவளுடைய காப்பியும் மோரும்கூடப் போய்விடும். சைவக் குடும்பமாக இருந்துவிட்டால், வளரும் குழந்தைக்குப் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் வந்து சேரும் பெரிய வழி ஒன்று அடைபடுகிறது. இவ்வளவும் பல நேரங்களில் தோலில் எழுந்த ஒரு சிறு தடிப்பின் பேரில் நடக்கிறது. அந்தத் தடிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதே இன்றைய பேச்சின் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் சோதனை நல்ல சோதனை, மலிவான சோதனை, கால்மணி நேரத்தில் பதில் தரும் சோதனை. ஆனால் தாயிடம் நடந்ததைக் கேட்டறிந்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். கேட்காமல் செய்த சோதனை குழந்தைக்குத் தீங்காகவே முடியும்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன். மீதி, பால் திரியும்போது பிரிகிற தெளிநீரில் உள்ள வே புரதங்கள். அவற்றில் ஒன்றான பீட்டா லாக்டோகுளோபுலினை மனிதத் தாய்ப்பால் இயல்பாகச் சுரப்பதில்லை. சில குழந்தைகளின் உடல் இந்தப் புரதங்களைப் பகையாக எடுத்துக்கொண்டு இம்யூனோகுளோபுலின் ஈ, சுருக்கமாக ஐஜிஈ, என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குகிறது. தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் இந்த ஐஜிஈ போய் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முறை பால் உள்ளே போனதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், வாயைச் சுற்றிச் சிவந்து தடிக்கும், உடம்பெல்லாம் காணாக்கடிபோல எழும்பும், உதடு வீங்கும், வாந்தி வரும். சிலருக்கு மூச்சு இழுக்கும், குழந்தை துவண்டு விழும். தோல் சோதனை கண்டுபிடிப்பது இந்த ஒரு வகையை மட்டுமே.

வேறொரு வகை இருக்கிறது. அதில் ஐஜிஈக்குப் பங்கில்லை. குடலே நேரடியாக எதிர்வினை காட்டும். தாய்ப்பால் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையின் மலத்தில் ரத்தக் கோடுகள் தெரியும். அல்லது வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்து எடை ஏறாமல் நிற்கும். இன்னும் சில குழந்தைகள் பால் குடித்து ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளிறி, துவண்டுபோவார்கள். கிருமித்தொற்று என்று எண்ணி மருத்துவமனையில் சேர்த்துவிடும் அளவுக்குக் கடுமையாக இருக்கும். இந்தக் குழந்தைகளின் தோலில் பாலை வைத்துக் குத்தினால் பெரும்பாலும் ஒன்றும் எழாது. லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்துக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர்கள், நாள்பட்ட வயிற்றுப்போக்கோடு வரும் இந்தியக் குழந்தைகளிடம் பால் ஒவ்வாமையைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று 2010இல் எழுதினார்கள். நம் நாட்டில் குடல் மருத்துவர்கள் காணும் பால் ஒவ்வாமையில் பெரும்பகுதி இந்த வகைதான். 2020இல் இந்தியக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலின் முதல் ஆசிரியர் கோயம்புத்தூரைச் சேர்ந்த மருத்துவர். தோல் சோதனைக்கு இங்கே எல்லை உண்டு என்பதை அந்த வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

மூன்றாவதாக ஒன்றை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, தண்ணீராகப் போவது ஒவ்வாமை ஆகாது. அதில் எதிர்ப்புப் புரதமும் இல்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. வயிற்றுப்போக்கு வந்து ஆறிய குழந்தைக்குச் சில நாட்கள் இப்படி இருக்கும், பிறகு சரியாகிவிடும். தென்னிந்தியப் பெரியவர்கள் பலருக்கு இது உண்டு. மோர் ஒத்துக்கொள்ளும், ஒரு தம்ளர் பால் ஒத்துக்கொள்ளாது. புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மோரும் ஆகாது. இதைப் பிரித்துக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இனிச் சோதனைக்கு வருவோம். தோலைக் கீறி அலர்ஜியைத் தேடும் வழக்கம் 150 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவருக்குப் புல் பூக்கும் பருவத்தில் மூக்கு ஒழுகும், கண் எரியும். தன் முன்கையைக் கீறி, புல்லின் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். அந்த இடம் அரித்துத் தடித்தது. 1873இல் அதை நூலாக வெளியிட்டார். உணவுக்கு இந்த முறையைக் குழந்தைகளிடம் பயன்படுத்தியது நியூயார்க்கின் ஆஸ்கர் ஷ்லாஸ். முட்டை, பாதாம், ஓட்ஸ் மூன்றும் ஒத்துக்கொள்ளாத ஒரு சிறுவனின் தோலில் அவற்றை வைத்துச் சோதித்து 1912இல் எழுதினார். ‘அலர்ஜி’ என்ற பெயரே அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் வைத்தது.

தடிப்பு ஏன் வருகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1921இல் பிரெஸ்லாவ் நகரில் ஹைன்ஸ் குஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்த ஊநீரைக் கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். மீன் சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் அறியாத அவருடைய தோல் அந்த ஓரிடத்தில் மட்டும் தடித்து எழுந்தது. ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது என்ன என்று தெரிய இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. 1966இல் டென்வரில் இஷிசாகா தம்பதியும், 1967இல் ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்ததற்கு உலக சுகாதார நிறுவனம் 1968இல் ஐஜிஈ என்று பெயரிட்டது. தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்த மனிதர்களால் வளர்ந்த துறை இது. அந்த மரியாதையோடுதான் ஒரு குழந்தையின் தோலில் நாம் கைவைக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன்.

சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கைக்குழந்தை என்றால் தாயின் தோளில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி முதுகின் மேற்பகுதியில் செய்வோம். கை நீட்டும் வயதுப் பிள்ளை என்றால் முன்கையின் உட்புறம். அந்த இடத்தில் ஸ்டீராய்டு களிம்பு நாள்கணக்கில் தடவியிருக்கக் கூடாது, கரப்பான் புண் இருக்கக் கூடாது. பேனாவால் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடையாளம் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு வைக்கிறோம். ஒன்று பால் புரதச் சாறு. ஒன்று வெறும் உப்புநீர். ஒன்று ஹிஸ்டமின். ஒரு மில்லிமீட்டர் நீள முனை கொண்ட லான்செட்டைச் சொட்டின் வழியாக அழுத்தி எடுக்கிறோம். ஒவ்வொரு சொட்டுக்கும் புது லான்செட். ரத்தம் வரக் கூடாது, வந்தால் ஆழம் கூடிவிட்டது என்று அர்த்தம். குழந்தை ஊசிக்கு அழுவதைவிட, இறுக்கிப் பிடித்திருப்பதற்காகத்தான் அதிகம் அழும். பிறகு கால்மணி நேரம், இருபது நிமிடம் காத்திருப்பு. அந்த நேரத்தில் குழந்தை சொறியாமல் கையைப் பிடித்துக்கொள்வது தாயின் வேலை.

நேரம் ஆனதும் சொட்டுகளை ஒற்றி எடுத்துவிட்டு, தடிப்பின் விளிம்பைப் பேனாவால் சுற்றி வரைகிறோம். ஒளிபுகும் ஒட்டுநாடாவை அதன்மேல் ஒட்டி எடுத்து, நோயாளியின் தாளில் ஒட்டினால் அந்த வரைவு அப்படியே பதிந்துவிடும். மிக நீண்ட விட்டத்தையும் அதற்குக் குறுக்கே உள்ள விட்டத்தையும் அளந்து, கூட்டி, இரண்டால் வகுக்கிறோம். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் சோதனை நேர்மறை. ஹிஸ்டமின் வைத்த இடம் எல்லோருக்கும் எழும்பியாக வேண்டும். அது எழவில்லை என்றால் மற்ற எதையும் நம்ப முடியாது. அதற்குப் பெரும்பாலும் காரணம், குழந்தை முந்தைய நாட்களில் குடித்த மருந்து. செட்டிரிசின் போன்ற அலர்ஜி மருந்தை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடச் சொல்கிறோம், தாய்மார்களும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சளிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிரப்பில் குளோர்பெனிரமின் இருக்கும். அது அலர்ஜி மருந்து என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே “அலர்ஜி மருந்து கொடுத்தீர்களா?” என்று கேட்பது போதாது. “போன வாரம் வாய்வழியாக என்னென்ன மருந்து போச்சு, அந்தப் பாட்டிலை எடுத்து வாங்கம்மா” என்று கேட்க வேண்டும்.

உப்புநீர் வைத்த இடமும் எழும்புகிற குழந்தைகள் உண்டு. தோலை லேசாகக் கீறினாலே தடிக்கும் உடல்வாகு அவர்களுக்கு. உப்புநீரை வைக்காமல் பாலை மட்டும் வைத்துக் குத்தியிருந்தால் அந்தக் குழந்தைக்குப் பால் அலர்ஜி என்று எழுதியிருப்போம். மிகச் சிறு குழந்தைகளுக்கு ஹிஸ்டமின் தடிப்பே சிறிதாகத்தான் இருக்கும். பால் தடிப்பும் அதற்கேற்பச் சிறிதாகும். அதனால் வயதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது.

நம் குழந்தைகளின் தோல் நிறத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பாடநூல்களில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெளிறிய தோலில் எடுத்தவை. தடிப்பைச் சுற்றிப் பரவும் சிவப்பு அதில் பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பைக் கண் தேடினால் கிடைக்காது. சிவப்பு இல்லை என்பதால் எதிர்மறை என்று எழுதிவிடுகிற இளம் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மேட்டின் நிழல் விழும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால் விளிம்பு தெரியும். அளக்க வேண்டியது அந்த மேட்டைத்தான். இதைக் கையைப் பிடித்துக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் நம் கல்லூரிகளில் பெருக வேண்டும்.

கடைச் சாற்றுக்குப் பதிலாக வீட்டில் குழந்தை குடிக்கும் பாலையே ஒரு சொட்டு வைத்துக் குத்தலாம். இது நல்ல வழக்கம், பல நேரங்களில் சாற்றைவிட நுட்பமாகவும் காட்டும். நாம் பாக்கெட்டில் வாங்கும் பால் பலவற்றில் பசுவோடு எருமைப் பாலும் கலந்திருக்கும் என்பதாலும் இது பொருத்தம். ஆனால் தோலின் மேற்பரப்பைக் குத்துவதோடு நிறுத்த வேண்டும். தோலுக்குள் உணவுச் சாற்றை ஊசியால் ஏற்றும் சோதனை உணவு ஒவ்வாமைக்கு ஆகாது. பொய்த் தடிப்புகள் பெருகும், உடல் முழுவதும் எதிர்வினை கிளம்பும் ஆபத்தும் உண்டு. மேற்பரப்புச் சோதனையிலும் அந்த ஆபத்து அரிதாக உண்டு என்பதால் அட்ரினலின் ஆம்பூல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆயிரத்தில் ஒன்று வீரியத்தில், எடை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். பத்துக் கிலோக் குழந்தைக்கு 0.1 மில்லி. இந்தக் கணக்கு மனப்பாடமாக இல்லாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

தடிப்பு எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன பொருள்? அந்தக் குழந்தையின் உடலில் பாலுக்கு எதிரான ஐஜிஈ இருக்கிறது என்று பொருள். பால் குடித்தால் நோய் வரும் என்று பொருளில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதைக் கர்நாடகத்துப் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. ஐரோப்பிய உணவு ஒவ்வாமைத் திட்டத்தின் பகுதியாகச் சீனா, ரஷ்யா, இந்தியா மூன்றிலும் நடந்து 2020இல் வெளியான ஆய்வு அது. இந்தியக் குழந்தைகளில் ஏறத்தாழ 19 சதவீதத்தினரின் ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஈ இருந்தது. உண்மையிலேயே உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்று கணித்தது 0.14 சதவீதத்தினருக்கு. அது ரத்தச் சோதனை, பாலை மட்டும் பார்த்ததும் அல்ல. ஆனால் தோல் காட்டுவதும் இதே ஐஜிஈயைத்தான். நூறு குழந்தைகளைப் பிடித்து வரிசையாகக் குத்தினால், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பல பிள்ளைகளுக்குத் தடிப்பு எழும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பல ஆய்வுகளைத் தொகுத்து ஐரோப்பியக் குழு ஒன்று 2014இல் சொன்னபடி, பாலுக்கான தோல் சோதனை நோயுள்ள குழந்தைகளில் 88 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாதவர்களில் 68 சதவீதத்தினரை இல்லை என்று சரியாக விடுவிக்கும். இப்போது நூற்றில் ஒருவருக்கு நோய் என்று வைத்து, எந்தத் தொந்தரவும் கேட்காமல் 1,000 குழந்தைகளுக்குச் சோதனை செய்வோம். நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தடிப்பு எழும். நோயில்லாத 990 பேரில் 317 பேருக்கும் எழும். ஆக, தடிப்பு எழுந்த 36 பேரில் ஒருவருக்குத்தான் நோய். மற்ற 35 வீடுகளில் காரணமில்லாமல் பாலை நிறுத்துவோம்.

அதே ஊசி, அதே சாறு, அதே கை. ஆனால் தாயை உட்காரவைத்துக் கேட்டுவிட்டுச் செய்வோம். “எவ்வளவு பால் உள்ளே போச்சு? எத்தனை நிமிஷத்தில் தடிச்சுது? அதற்கு முன்னால் பால் கொடுத்தப்போ என்னாச்சு? தயிர், நெய், பிஸ்கட் கொடுத்திருக்கீங்களா? காய்ச்சல் இருந்துச்சா?” பதில்களைக் கேட்டு, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றும் நூறு குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் குத்தினால், 60 பேருக்குத் தடிப்பு எழும். அதில் 44 பேருக்கு உண்மையாகவே நோய். நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு. சோதனையின் தரம் கொஞ்சமும் மாறவில்லை. மாறியது அந்தப் பத்து நிமிடப் பேச்சு. தடிப்பு எழாத 40 பேரிலும் ஆறு பேருக்கு நோய் இருக்கும் என்று இதே கணக்கு சொல்கிறது. ஆகவே கதை அழுத்தமாக இருந்து தோல் பேசாமல் இருந்தால், “ஒன்றுமில்லை, வீட்டிலேயே பால் கொடுங்கள்” என்று அனுப்பக் கூடாது.

தடிப்பு எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு வாய்ப்பு கூடும். மெல்போர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்போரிக், ஹில், ஹோஸ்கிங் மூவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. தோல் சோதனை செய்த குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே பாலைக் கொடுத்தும் பார்த்தார்கள். பால் தடிப்பு 8 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்வினை வந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 6 மில்லிமீட்டரே போதுமாக இருந்தது. அந்த அளவைத் தாண்டியவர்களுக்குப் பாலைக் கொடுத்துப் பார்க்கும் அபாயத்தைத் தவிர்க்கலாம் என்பது அவர்கள் முடிவு. அருமையான வேலை. ஆனால் அது அவர்களுடைய லான்செட், அவர்களுடைய சாறு, அலர்ஜி பிரிவுக்கு அனுப்பப்பட்ட அவர்களுடைய குழந்தைகள். நம் ஊருக்கு நம் எண் வேண்டும். அந்த ஆய்வை நம் மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று எடுத்துச் செய்ய வேண்டும் என்பது இந்த மேடையிலிருந்து நான் வைக்கும் வேண்டுகோள்.

மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவே விழும் குழந்தைகளுக்கு என்ன செய்வது? அவர்கள்தான் அதிகம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது பாலேதான். மருத்துவமனையில், அட்ரினலின் அருகில் இருக்க, சில சொட்டுகளில் தொடங்கி, கால்மணி அரைமணிக்கு ஒரு முறை அளவைக் கூட்டி, வயதுக்கேற்ற ஒரு வேளைப் பால் வரை கொடுத்துப் பார்ப்போம். நடுவில் தடித்தால், வாந்தி எடுத்தால், இருமினால் நிறுத்திவிடுவோம். அரைநாள் ஆகும், ஒரு கட்டில் வேண்டும், பக்கத்திலேயே ஒரு செவிலியர் வேண்டும். அதனால்தான் இதைத் தள்ளிப்போடுகிறோம். டென்மார்க்கின் ஓடன்சே நகரில் ஹோஸ்ட் என்ற மருத்துவர் 1985இல் பிறந்த 1,749 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார். 117 பேருக்குப் பால் ஒவ்வாமையோ என்ற சந்தேகம் எழுந்தது. பாலை நிறுத்தியும் திரும்பக் கொடுத்தும் பார்த்ததில் 39 பேருக்குத்தான் உறுதியானது. மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குப் பாலைத் திரும்பக் கொடுத்தது அந்தக் கடைசிப் படிதான்.

அதே ஓடன்சே ஆய்வில் நம் பிரசவ அறைகளுக்கு ஒரு செய்தி உண்டு. தாய்ப்பால் மட்டுமே குடித்தும் ஒவ்வாமை வந்த ஒன்பது குழந்தைகளின் பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது, பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் மருத்துவமனையில் அவர்கள் எல்லோருக்கும் டப்பாப் பால் கொடுக்கப்பட்டிருந்தது. தாய் அசந்து தூங்குகிறாள், சீம்பால் இன்னும் வரவில்லை என்று சொல்லி ஒரு பாலாடை டப்பாப் பாலைப் புகட்டும் வழக்கத்தை நம் ஊரில் எத்தனை அறைகளில் பார்க்கிறோம். அவசியம் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

ஐஜிஈக்குப் பங்கில்லாத, தாமதமாக வரும் வகைக்குத் தோலிலேயே வேறொரு சோதனை செய்யலாமா என்று ஃபின்லாந்தில் இசொலாவ்ரி, துர்யன்மா இருவரும் 1996இல் பார்த்தார்கள். பாலில் நனைத்த பட்டையை முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்து, எடுத்த பிறகும் மறுநாளும் தோலைப் பார்ப்பது. கரப்பான் உள்ள குழந்தைகளில் குத்தும் சோதனை விட்டுவிட்ட சிலரை இந்தப் பட்டை பிடித்தது. நம்பிக்கை தந்த முயற்சிதான். ஆனால் எவ்வளவு பால், எப்படி ஒட்டுவது, எதை நேர்மறை என்பது ஆகியவற்றில் ஒரு பொது ஒழுங்கு வரவில்லை. அதனால் 2012இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் இதை வழக்கமான சோதனையாகப் பரிந்துரைக்கவில்லை. குடல் வகைக்கு இன்றும் வழி ஒன்றே. இரண்டிலிருந்து நான்கு வாரம் பாலை நிறுத்தி, தொந்தரவு அடங்குகிறதா என்று பார்த்து, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. திரும்பக் கொடுக்கும் பகுதியைத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். பாலை நிறுத்திய அந்த வாரத்தில் தானாகவே சரியான வயிற்றுப்போக்குக்கும் பால்மேல் பழி விழுந்து ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது வேறொன்று. நூறு உணவு, இருநூறு உணவு என்று ஒரே ரத்தக் குழாயில் சோதித்துப் பட்டியல் தரும் விற்பனை இப்போது பெருகியிருக்கிறது. அவற்றில் பல ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தை அளக்கின்றன. அது நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு இயல்பாகவே இருக்கும். நோயைக் காட்டாது. அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பால், கோதுமை, முட்டை, துவரம்பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, எலும்பும் தோலுமாகக் குழந்தையைத் தூக்கி வருகிறார்கள். அந்தத் தாய் தன் பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பட்டியலை விற்றவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நோய் உறுதியான வீட்டில் அடுத்த கேள்வி உடனே வரும்: “டாக்டர், அப்போ ஆட்டுப்பால் கொடுக்கலாமா?” பாட்டிமார் கேட்பார்கள். கூடாது. ஆடு, பசு, எருமை மூன்றின் கேசீனும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். இத்தாலியில் பசும்பால் ஆகாத 26 குழந்தைகளுக்கு ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்ததில் 24 பேருக்கு எதிர்வினை வந்தது. நம் தெருக்களில் சங்கில் விற்கும் கழுதைப்பால் பற்றியும் கேட்பார்கள். கழுதைப்பாலைப் பெரும்பாலான பால் ஒவ்வாமைக் குழந்தைகள் தாங்குகிறார்கள் என்று அதே இத்தாலியில் ஆய்வுகள் உண்டு. ஆனால் அதில் கொழுப்பு குறைவு, அதை மட்டும் நம்பிக் குழந்தையை வளர்க்க முடியாது. தெருவில் கறந்தபடியே காய்ச்சாமல் புகட்டுவதால் கிருமி ஆபத்தும் இருக்கிறது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. புட்டிப்பால் வேண்டிய குழந்தைக்குப் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்த சிறப்பு மாவு உண்டு, ஆறு மாதத்துக்கு மேல் சோயாவைப் பார்க்கலாம். திட உணவு தொடங்கியபின் கேழ்வரகு நமக்குப் பெரிய துணை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து.

பால் சேர்த்துச் சுட்ட பண்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க்கில் நோவாக் வெக்ஷின் குழுவினர் 2008இல், பால் ஆகாத குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் மாவோடு சேர்த்து நன்றாகச் சுட்ட மஃபினையும் வாஃபிளையும் தாங்குகிறார்கள் என்று காட்டினார்கள். அடுப்பின் சூட்டிலும் மாவோடு பிணைவதிலும் வே புரதங்களின் வடிவம் குலைகிறது, கேசீன் அவ்வளவு எளிதில் குலைவதில்லை. நம் பால்கோவாவும் பாயசமும் இந்தக் கணக்கில் வராது. எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் அவை பால்தான். சுட்ட பண்டத்தைக் கொடுத்துப் பார்ப்பதும் முதல் முறை மருத்துவமனையில்தான்.

பெரும்பாலான குழந்தைகள் இந்த நோயிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். ஓடன்சே குழந்தைகளில் 56 சதவீதம் ஒரு வயதில், 77 சதவீதம் இரண்டு வயதில், 87 சதவீதம் மூன்று வயதில் பால் குடித்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்த, கடுமையான ஐஜிஈ வகைக் குழந்தைகளிடம் அது மெதுவாக நடந்தது. நான்கு வயதில் 19 சதவீதம், எட்டு வயதில் 42, பதினாறில் 79. உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்பதை ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை தோலைத் திரும்பச் சோதித்தால் ஓரளவு ஊகிக்கலாம். தடிப்பு சுருங்கிக்கொண்டே வந்தால் பாலைக் கொடுத்துப் பார்க்க நாள் குறிக்கலாம்.

ஆனால் சுருங்கியதா என்று எதனோடு ஒப்பிடுவது? என்னிடம் வரும் பழைய சீட்டுகளில் பெரும்பாலும் “பால் – பாசிட்டிவ்” என்று மட்டும் எழுதியிருக்கும். மாணவர்களே, எழுதும்போது தேதியை எழுதுங்கள். குழந்தையின் வயதையும், எந்தச் சாறு அல்லது எந்தப் பால், எந்த லான்செட் என்பதையும் எழுதுங்கள். பால், ஹிஸ்டமின், உப்புநீர் மூன்றும் எத்தனை மில்லிமீட்டர், எத்தனையாவது நிமிடத்தில் அளந்தது, கடைசியாகக் குடித்த மருந்து எது, எந்த நாளில் என்பதும் இருக்கட்டும். ஒட்டுநாடாவில் எடுத்த வரைவையும் அந்தத் தாளிலேயே ஒட்டி, ஒரு நகலைத் தாயிடம் கொடுத்துவிடுங்கள்.